வெள்வேலாங்காட்டுப் படல்

அந்தச் சன்னலைத் தொறக்காதே கண்ணு, பனிக்காத்து ஊசியாக் குத்துது. வாசம் அடிக்குதுன்னுதானே தொறக்கறே? சாணி நாத்தம்னு நெனச்சுப்போட்டயா? புல்லு கண்ணு, சுத்தமான கொழுக்கட்டைப் புல்லு. வேணும்னா மோந்து பாரு. கண்டக்டருக்கு வேற எளக்காரம். "ஆத்தா, புல்லுக்கட்டுக்குத் தனியா டிக்கெட் போடட்டுமா"ங்கறான். மடியில வெச்சிருக்கறதுக்கு எந்த ஊருலடா டிக்கெட்டுன்னேன். அடுத்த சீட்டுக்குப் போயிட்டான்.

நீ எங்க போறே? காங்கயமா? அங்கதான் வேலையா? சரி, சரி. நான் காங்கயத்துல எறங்கி இன்னொரு பஸ்ஸு மாறோணும். அக்கட்ட ஒரு ஊருல ஒரு அம்மா வாக்குச் சொல்லுதாமா. கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லுமாமா, சுத்தி வளைக்காதாமா. இந்தப் புல்லை எடுத்துட்டுப் போறதும் அதுக்குத்தான். மாட்டாஸ்பத்திரி டாக்டருகிட்ட ஒருக்காக் கொண்டு போய்க் காட்டியாச்சு. கசக்கிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. "ஏனுங்கம்மா, இத்தன நல்ல புல்லை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க, மாட்டுக்குப் போடுங்க"ன்னுட்டாரு. போட்டாத் திங்க மாட்டீங்குதுன்னுதானே சாமி கொண்டு வந்தேன்! சொல்றதைக் காதுல வாங்குனாத்தானே. இப்பவெல்லாம் ஆரும் ஆரு பேச்சையும் காதுல வாங்கறதில்ல.

எங்களுக்குக் கொறங்காடு இருக்குது, மூலனூருக்கு மேக்க. நீ டவுனுப் புள்ளை, உனக்குத் தெரியாது. கொறங்காடுன்னா வெள்ளாமை பண்ற காடு இல்ல, மேச்சக் காடு. சுத்தியும் முள்ளுக்கிளுவை வேலி, ஆளு ஒசரத்துக்கு மேல இருக்கும், கோழிக்குஞ்சு நொழையாது. உள்ள பூரா புல்லு. அதையே நடுவால வேலி போட்டு நாலாப் பிரிச்சு வெச்சிருக்கறோம். மேக்காடு, கெழக்காடு, தண்ணித்தொட்டி இருக்கறது தொட்டிக்காடு, வெள்வேல மரமா நிக்கறது வெள்வேலாங்காடு. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் போக மரத்துல கட்டுன படல். பண்டத்தை உள்ள ஓட்டிப் படலைச் சாத்திட்டா மேய்க்கறதுக்கு ஆளே வேண்டாம்.

பண்டம்னா நீ நெனைக்கற காங்கயங்காளை இல்ல. ஊருக்குள்ள சீமைப் பசு வெச்சிருக்கறாங்கல்ல, அது காளைக்கன்னு போட்டா என்ன பண்ணுவாங்க? ஏருக்கு ஆகாது, வண்டிக்கு ஆகாது, பாலும் தராது. அந்தக் கன்னுகளை வாங்கிட்டு வந்து, பனிக்காலத்துப் புல்லுல உட்டுச் சதை புடிக்க வெச்சு, மாசியில வெயில் ஏறறதுக்கு முன்னால கேரளாவுக்கு ஏத்தி உட்டுருவோம். கறிக்குத்தான். எதுக்கு மறைக்கோணும்? ஊருல நாலு பேரு மூஞ்சியச் சுளிப்பாங்க. சுளிக்கற மூஞ்சியேதான் பொழுதோட கன்னைப் புடிச்சுட்டு வந்து, "அக்கா, இதையும் சேத்துக்கங்க"ன்னு வாசல்ல நிக்கும். பாலு அவீங்களுக்கு, பாவம் எனக்கு. நல்ல நாயம்!

ஆனா ஒண்ணு கண்ணு, இந்தப் பொழப்புல மாடு பெருசில்ல, புல்லுதான் பெருசு. ஐப்பசி, கார்த்திகையில மழை பேயும். பேஞ்ச உடனே பண்டத்தை உட்டுரப்படாது. எல்லாக் காட்டையும் அடைச்சுப் போடோணும். புல்லு வளந்து, பூ வாங்கி, வெதை கொட்டோணும். மார்கழி பொறந்தா ஒரு காட்டைத் தொறக்கறது. அதுவும் காலையில பனித்தண்ணி காஞ்ச பொறகுதான். இல்லீன்னா வயிறு ஊதிக்கும். அந்தக் காட்டுல புல்லோட அடித்தூருல கணு தெரியற வரைக்கும் மேஞ்சப்பறந்தான் அடுத்த படல். வெள்வேலாங்காடு கடைசி. பொங்க நோம்பி கழிச்சுத்தான் அதைத் தொடோணும். அங்க புல்லும் சாஸ்தி, மாசிக்கு மரத்துல இருந்து காயும் உழுகும். அந்தக் கடைசிக் காட்டுலதான் பண்டம் தேறும். அது இல்லீன்னா எலும்பும் தோலுமா ஏத்த வேண்டியதுதான். முன்னாலயே தொறந்து உட்டா நுனியை மட்டும் கடிச்சுப்போட்டு மீதியை மிதிச்சே கெடுத்துரும்.

இது பண்டத்துக்குத் தெரியுமா? வேலிக்கு அந்தப் பக்கம் பச்சையாத் தெரிஞ்சாப் போதும், படலண்டை வந்து நின்னுட்டுக் கத்தும். அத்தனையும் சேந்து கத்துனா ஊரே எந்திரிச்சுக்கும். இங்கதான் கண்ணு ஆளோட தெறமை இருக்குது. கத்துதேன்னு ஒருக்காத் தொறந்துட்டயோ, அப்பறம் அதுதான் உனக்கு எசமான். காதை அடைச்சுட்டு இருக்கோணும். எங்கூட்டுக்காரருக்கு அந்தத் துணிவு பத்தாது. எனக்கு உண்டு, எம்பேரு பாவாத்தா. "பாவாத்தா காட்டுல மாசியிலயும் புல்லு நிக்குது"ன்னு சுத்துப்பட்டுல கேட்டுப் பாரு, சொல்லுவாங்க. அது சும்மா வந்த பேரு இல்ல.

எங்கூட்டுக்காரருக்கு ஒரு தம்பி இருந்தான், மாரப்பன்னு. கல்யாணம் காச்சி ஒண்ணும் ஆகுல, எங்க கூடத்தான் இருந்தான். கொஞ்சம் வெகுளி. பைத்தியமெல்லாம் இல்ல, சொன்ன வேலையைச் செய்வான். ஆனா ஆரு எதைக் கேட்டாலும் குடுத்துப்போடுவான். என்னை நங்கையான்னு கூப்புடுவான். எங்க பக்கம் அண்ணன் பொண்டாட்டியை அப்படித்தான் கூப்புடறது. "நங்கையா, கஞ்சி. நங்கையா, துண்டு கிழிஞ்சு போச்சுங்க. நங்கையா, அந்தச் செவலைக் கன்னு மோளவே மாட்டீங்குதுங்க." நாள் முச்சூடும் நங்கையாதான். ஒரு தடவை கூப்புட்டதுக்குத் திரும்பிப் பாக்குலீன்னா மறுக்காக் கூப்புட மாட்டான், அங்கயே நின்னுட்டு இருப்பான்.

வெள்வேலாங்காட்டுல ஓலையில ஒரு சாளை போட்டு அவனை அங்க இருக்க உட்டிருந்தேன். அடைச்சுப் போட்ட காட்டுக்குக் காவலு வேணுமில்ல? இல்லீன்னா எவளாவது வந்து அரிவாளைப் போட்டுப்போடுவா. கம்பளி குடுத்தேன். காலையில கஞ்சி, பொழுதோட சோறு. ஒரு கொறை சொல்லு பாக்கலாம். ஊட்டுல படுத்தா என்ன, சாளையில படுத்தா என்ன, ரெண்டும் தூக்கந்தானே.

அவன்கிட்ட ஒரே ஒரு கோளாறு, பண்டம் கத்துனா அவனுக்குத் தாங்காது. போன வருசம் மார்கழியில பண்டமெல்லாம் தொட்டிக்காட்டுல மேஞ்சுட்டு இருந்துச்சு. அதுக்கு அடுத்ததுதான் வெள்வேலாங்காடு. ரெண்டு கன்னு படலண்டை வந்து கத்துச்சாமா, இவன் தொறந்து உட்டுட்டான். நான் போய்ப் பாக்கறேன், மொழங்காலு ஒசரப் புல்லு பாய் விரிச்ச மாதிரி படுத்துக் கெடக்குது. "ஏன்டா தொறந்தே?"ன்னா, "பாவமுங்க நங்கையா, கேக்குதுங்க"ங்கறான். கேட்டாக் குடுத்தர்றதா? கேக்கறதுக்கெல்லாம் குடுத்துட்டு இருந்தா நாமெல்லாம் எந்த மடத்துல போய் உக்கார்றது?

அன்னைக்கே ஒரு வேலை பண்ணுனேன். அந்தப் படலைத் தொட்டிக்காட்டுப் பக்கமா, வெளிய இருந்தே, கம்பி போட்டு முறுக்கிக் கட்டிட்டேன். அதுக்கு மேல வேலா முள்ளை வெட்டி அண்டக் குடுத்துட்டேன். அந்தக் காட்டுக்கு அது ஒண்ணுதான் வழி, உள்ள இருந்து அவன் எத்தன முக்குனாலும் தொறக்க முடியாது. கஞ்சியை முள்ளுக்கு மேலால எட்டிக் குடுப்பேன், வாங்கிக்குவான். தண்ணிக்கு உள்ளயே மொடா வெச்சாச்சு. ஒரு நாக் கேட்டான், "எனக்கு வெளிய வரோணும்னா என்னங்க பண்றது நங்கையா?"ன்னு. "என்னைக் கூப்புடு, வர்றேன்"னேன். அதுக்கு மேல என்ன வேணும்?

எங்களுக்குப் பக்கத்துக் காடு நாச்சிமுத்துது. நடுவுல ஒரு இட்டேரி, வண்டி போற சந்து, அவ்வளவுதான். நல்ல மனுசன், நான் சொன்னாத் தட்ட மாட்டான். அவன்கிட்டயும் சொல்லி வெச்சேன். "இந்த மாரப்பன் போறவன் வர்றவனையெல்லாம் படலைத் தொறக்கச் சொல்லிக் கெஞ்சுவான். பண்டம் கத்துனாலுஞ் சரி, உள்ள இருந்து இவன் கூப்புட்டாலுஞ் சரி, நீ படலைத் தொட்டுப்போடாதே"ன்னேன். சரிங்க அக்கான்னான்.

அந்தச் சமயம் பாத்து எங்கூட்டுக்காரரு கன்னு புடிக்கப் பொள்ளாச்சிப் பக்கம் போயிட்டாரு. ஒரு நாக் காலையில கஞ்சி கொண்டு போறேன், இவன் படலைப் புடிச்சுட்டு நிக்கறான். "வயித்தை வலிக்குதுங்க நங்கையா. கண்ணைத் தொறக்கவே முடியிலீங்க, எமை கனக்குது"ங்கறான். "நேத்து மொச்சை எத்தன தின்னே? போய்ப் படு, செரியாப் போயிரும்"னேன். கஞ்சியை வாங்கிக் கீழ வெச்சுட்டான், குடிக்குல. "சித்தெ ஊட்டுக்கு வந்து படுத்துக்கட்டுங்களா?"ன்னான். இவன் வந்துட்டாக் காவலுக்கு ஆரு இருக்கறது? முள்ளை நகத்தி, கம்பியை அவுத்து, மறுக்காக் கட்டறதுன்னா லேசா? எனக்கு அன்னைக்குன்னு கை கொள்ளாத வேலை. பொழுதோட பாக்கலாம்னுட்டு வந்துட்டேன்.

உச்சிப் பொழுதுக்கு ஆரம்பிச்சுது கண்ணு. ஒண்ணு ரெண்டு இல்ல, அத்தன பண்டமும். தொட்டிக்காட்டுல தூர் இன்னும் பச்சையா நிக்குது, அதை அப்படியே உட்டுப்போட்டு வெள்வேலாங்காட்டுப் படலண்டை போய் ஒரே கத்து. எங்கூடு அந்தக் காட்டு ஓரந்தான், காது கிழிஞ்சு போச்சு. நாச்சிமுத்து இட்டேரியில வந்து நின்னு, "ஏனுங்க அக்கா, இது என்னமோ ஒரு மாதிரிக் கத்துதுங்க, என்னன்னு பாருங்க"ன்னான். "ஒரு மாதிரியுமில்ல, ரெண்டு மாதிரியுமில்ல, மேச்சலு கேக்குது. நான் பாக்காத கத்தா"ன்னு சிரிச்சேன். அவனும் போயிட்டான்.

ஆனா நான் போகாம இருக்குல கண்ணு. அதையும் சொல்லோணுமில்ல? தடியை எடுத்துட்டுப் போனேன். வெரட்டுனேன். அக்கட்டால ஓடுது, மறுக்கா வந்து நிக்குது. ஒரு காரிக் கன்னு அந்த வேலா முள்ளுக்குள்ள மூஞ்சிய உட்டு இழுக்குது, மூக்கெல்லாம் ரத்தம். பாரு, பச்சைப் புல்லு மேல எத்தன ஆசை! அப்பத்தான் உள்ள இருந்து "நங்கையா"ன்னு கேட்டுச்சு. மெதுவா. முள்ளு மறைச்சுட்டு ஆளு தெரியில. எனக்கு வந்துது பாரு கோவம். இவன்தான் பண்டத்துக்கு வக்கீலாச்சே. "நீ எத்தன கூப்புட்டாலும் தொறக்க மாட்டேன், வாயை மூடிட்டுச் சும்மாக் கெட"ன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். அதுக்கப்பறம் அவன் கூப்புடவே இல்ல.

பொழுதோட சோறு கொண்டு போகுல. அத்தன கத்துக்கு நடுவால ஆரு போறது? வயித்து வலிக்குப் பட்டினியும் நல்லதுதானே.

விடியறப்போ சத்தம் நின்னு போயிருந்துச்சு. எனக்கு எத்தன சந்தோசம் தெரியுமா? அடங்குச்சா, ஆருகிட்டன்னு நெனச்சுட்டுக் கஞ்சியை எடுத்துட்டுப் போறேன், அத்தனையும் படலுக்கு முன்னால படுத்துக் கெடக்குது. ஒண்ணு கூட அசை போடுல. மாரப்பான்னு கூப்புட்டேன், பேச்சு மூச்சில்ல. கம்பியை அவுத்து, முள்ளை இழுத்து, படலைத் தள்ளுனா நகர மாட்டீங்குது. உள்பக்கம் படலை ஒட்டியே கெடக்கறான்.

கட்டுவிரியன்னாங்க. தூக்கத்துல கடிச்சிருக்கும், கடிச்சதே தெரியாதுன்னாங்க. வயிறு வலிக்கறது, எமை கனக்கறது எல்லாம் அதோட வெசத்துக்குத்தானாமா. எனக்கு எப்படித் தெரியும், அவன் பாம்புன்னா சொன்னான்? ஆஸ்பத்திரியில ஒருத்தரு, "மத்தியானமே கொண்டாந்திருந்தா ஏதாச்சும் பாத்திருக்கலாமே"ன்னாரு. அவரு எந்த ஊரோ, பனிக்காலத்து மேச்சலைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? விதி முடிஞ்சா பாம்பு ஊட்டுக்குள்ளயும் வரும், சாளைக்குள்ளயும் வரும்.

ஒண்ணு சொல்றேன் கேளு. அவன் ரெண்டு கையிலயும் முள்ளு. உள்ளங்கையில, வெரலு சந்துல, நகக்கண்ணுல எல்லாம் முள்ளு. படல் இடுக்குல கையை உட்டு அந்த முள்ளையெல்லாம் அக்கட்டத் தள்ளப் பாத்திருக்கான். சாகற நெலமையிலயும் பண்டத்தை உள்ள உடறதுலயே குறியா இருந்திருக்கான் பாரு! நான் இதை எளவு ஊட்டுல நாலு பேரு முன்னால சொன்னேன், அவன் மனசு அப்பிடின்னு பெருமையாத்தான் சொன்னேன். எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க.

எங்கூட்டுக்காரரு வந்தாரு. அழுகுல. என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "படலை எதுக்கு வெளிய இருந்து கட்டுனே?"ன்னு. சொன்னேன், உள்ள இருந்து கட்டுனா அவன் தொறந்துருவான்னு. நேரான பதிலுதானே? மறுக்கா அதையே கேட்டாரு. மறுக்காச் சொன்னேன். அன்னைக்கு நிறுத்துனவருதான், இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட வாயைத் தொறந்து ஒரு வார்த்தை இல்ல. சோத்தைப் போட்டாத் திங்கறாரு, தட்டத்தைக் கழுவி வெச்சுட்டுப் போயிர்றாரு. பண்டத்துகிட்டப் பேசறாரு, நாய்கிட்டப் பேசறாரு. துக்கம், ஆறிப் போகும்னு பாத்தா ஆறுல.

அந்த வருசம் பொங்கலு கழிஞ்சு வெள்வேலாங்காட்டைத் தொறந்தேன். ஒண்ணு உள்ள போகுல கண்ணு. படலு வரைக்கும் வருது, நிக்குது, திரும்பிருது. சரி, அவன் செத்ததைப் பாத்த பண்டம், வாசம் புடிச்சிருக்கும்னு நெனச்சேன். அரைகொறையா ஏத்தி உட்டோம். அதுல ஒண்ணு கூட இப்ப இல்ல, எல்லாம் போய்ச் சேந்துருச்சு. இந்த வருசம் நிக்கறதெல்லாம் புதுசு. வேற ஊருப் பண்டம், அவன் மூஞ்சியே பாக்காதது. காடு ஒரு வருசம் மேயாமக் கெடந்ததுல புல்லு இடுப்புக்கு நிக்குது. தொறந்து உட்டேன். அதே மாதிரி படலு வரைக்கும் வந்து, நின்னு, திரும்பிருச்சு. இதுங்களுக்கு ஆரு சொன்னது?

சாளையைப் பிரிச்சு எரிச்சேன். கோழி அறுத்தேன், பூசை வெச்சேன். புதுப் படலு போட்டேன். அறுத்துக் கொண்டு போய்த் தொட்டியில போட்டுப் பாத்தேன், மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. அதே புல்லு மேக்காட்டுதுன்னாத் திங்குது. இப்ப மத்த மூணு காட்டுலயும் கணு தெரிஞ்சு போச்சு. இந்தக் காட்டுல எறங்குலீன்னா இந்த வருசமும் எலும்புதான். அதை உடு. எனக்குத் தூக்கமே போச்சு கண்ணு. முன்னாலெல்லாம் கத்துனாக் காதை அடைச்சுக்குவேன். இப்ப ஒண்ணும் கத்தாமச் சும்மா படல் முன்னால நிக்குது. கத்தாததுக்கு எதை அடைக்கறது?

போன வாரம் எனக்கு ஒரு ரோசனை தோணுச்சு. தொறந்து கெடக்கறதாலதான் மதிப்பில்ல, அடைச்சாத் தானா ஆசை வரும்னு. பண்டத்தோட கொணமே அதுதானே? நாச்சிமுத்தைக் கூப்புட்டேன். "நான் கொஞ்சம் புண்ணாக்கு எடுத்துட்டு உள்ள போய் உக்காந்துக்கறேன். நீ வெளிய இருந்து கம்பி போட்டுக் கட்டி, முள்ளு வெச்சுட்டுப் போ. பொழுது சாயறப்போ வந்து தொறந்தாப் போதும்"னேன். ஒரு மாதிரிப் பாத்தான். "உள்ள இருந்து கட்டிக்கலாமுங்களே அக்கா"ன்னான். "பண்டத்துக்கு வித்தியாசம் தெரியும்டா"ன்னேன். கட்டிட்டுப் போனான்.

வெள்வேல மரத்தடியில உக்காந்துட்டு இருந்தேன். உச்சிப் பொழுது ஆச்சு. ஒண்ணொண்ணா வந்துது. படலுக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு. கத்த ஆரம்பிச்சுது. எனக்குச் சந்தோசத்துல கண்ணீரே வந்துருச்சு. பாத்தயா, ஆசை வந்துருச்சு, பாவாத்தா கணக்குத் தப்புமான்னு எந்திரிச்சுப் படலண்டை போனேன்.

புல்லைப் பாக்குல கண்ணு.

ஒண்ணு கூடப் புல்லைப் பாக்குல. அத்தனையும் என்னையப் பாத்துக் கத்துது. நான் வேலியோரமா இந்தப் பக்கம் நடந்தேன், வேலிக்கு அந்தப் பக்கம் அதுங்களும் கூடவே நடக்குது. அந்தப் பக்கம் போனேன், அங்கயும் வருது. புண்ணாக்கை முள்ளுக்கு மேலால எறிஞ்சேன், மிதிச்சுட்டு நிக்குது. ஒரு கன்னு முள்ளுக்குள்ள மூஞ்சிய உட்டு இழுக்குது. அதோட கண்ணு எனக்கு ஒரு சாண் தூரத்துல இருக்குது.

எனக்கு என்னமோ ஆயிருச்சு. போதும், வெளிய போயிரலாம்னு படலைத் தள்ளுனேன். நகருல. "நாச்சிமுத்தூ"ன்னு கூப்புட்டேன். அவன் இட்டேரிக்கு அக்கட்டத்தான் மம்பட்டி புடிச்சுட்டு நிக்கறான், சத்தம் கேக்குது எனக்கு. மறுக்காக் கூப்புட்டேன். தொண்டை கட்டற வரைக்கும் கூப்புட்டேன். வருல. படல் இடுக்குல கையை உட்டு நானே முள்ளைத் தள்ளிப் பாத்தேன். இதா பாரு, இன்னும் ஆறுல. பொழுது சாயறப்போ நிதானமா வந்து தொறந்தான். தொறந்ததுதான் தாமசம், அத்தன பண்டமும் கத்தறதை நிறுத்திட்டுத் திரும்பி மேயப் போயிருச்சு.

"கூப்புட்டது உன் காதுல உழுகுலயாடா?"ன்னேன். "உழுந்துச்சுங்க அக்கா. பண்டம் கத்துனாலும், உள்ள இருந்து ஆரு கூப்புட்டாலும் தொடப்படாதுன்னு நீங்கதானுங்களே போன வருசம் சொல்லி வெச்சீங்க"ன்னான். அவன் மூஞ்சியில கோவமில்ல, கேலியில்ல, ஒண்ணுமே இல்ல. கம்பியைச் சுருட்டி என் கையில குடுத்துட்டுப் போயிட்டான்.

வந்துருச்சா காங்கயம்? உன் பையை எடுத்துக்கோ, இந்தக் கட்டு இடிக்குதா, இரு, நகத்திக்கறேன்.

அந்தம்மாகிட்ட நான் நெறையக் கேக்கப் போறதில்ல கண்ணு. பண்டம் தேறுனாத் தேறுது, எலும்பாப் போனாப் போகுது. புல்லு காஞ்சாலும் காயட்டும். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கோணும். போன வருசம் அன்னைக்கு அதுங்க புல்லுக்குத்தான் கத்துச்சு. எனக்குத் தெரியும். ஆனா வேற ஆராவது வாயைத் தொறந்து அதை ஒருக்காச் சொல்லோணும். எங்கூட்டுக்காரரு சொல்ல மாட்டாரு. நாச்சிமுத்தும் சொல்ல மாட்டான். அந்தம்மாவும் சொல்லுலீன்னா நான் எங்க போறது?

இத்தன நேரம் பொறுமையாக் கேட்டுட்டு வந்தே, நல்ல புள்ளை. நீயே சொல்லிட்டு எறங்கேன். புல்லுக்குத்தானே கத்துச்சு? ஏங்கண்ணு, பேச மாட்டீங்கறே? புல்லுக்குத்தானே?